பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது "ஏதாவது உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க தம்பி, பையன்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் ஓர் இயந்திரப் பொறியாளன். பம்பு, டர்பைன், பேரிங் என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் செயலாளர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, என் தொழிலை எனக்குக் கற்றுத் தந்த, ஆனால் ஒரு நாளும் பொறியியல் படிக்காத, நான் ஒரு தடவைகூட நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் பெயர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார்.

முன் வரிசையில் சில பெரியவர்கள் முகத்தில் சிரிப்பு வருகிறது. பின் வரிசையில் தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள். அதில் தப்பில்லை. முன் வரிசைக்குத் தெரிந்தவரைப் பின் வரிசைக்குச் சொல்வதற்குத்தானே இந்தச் சங்கமே இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. சாத்தான்குளம் எனக்கும் சொந்த ஊர். தாமிரபரணி ஓடுகிற ஜில்லா என்று வெளியூர்க்காரர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். எங்கள் ஊருக்கு வந்து பார்த்தால்தான் தெரியும், அந்த ஆறு வேறு பக்கமாகப் போகிறது என்று. எங்களுக்கு இருப்பது செம்மண் தேரி, பனைமரம், மழை பெய்தால் மட்டும் ஞாபகம் வருகிற கருமேனி ஆறு. மணிமுத்தாறு கால்வாயில் எங்கள் பக்கத்துக் குளங்கள் நாலாவது ரீச். அதாவது மூன்று ரீச்சும் குடித்து மிஞ்சினால் எங்களுக்கு. தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர். 1986 அக்டோபரில் பழைய திருநெல்வேலி ஜில்லாவைப் பிரித்தபோது நாங்கள் சிதம்பரனார் மாவட்டத்துக்குப் போனோம். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். ஆனாலும் வெளியூரில் கேட்டால் "திருநெல்வேலிப் பக்கம்" என்றுதான் வாயில் வருகிறது.

எனக்கு அப்படி வாயில் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வெட்கத்தோடு சொல்கிறேன். கடைசி வருஷம் ஒரு நேர்முகத் தேர்வில் "சொந்த ஊர்?" என்று கேட்டார்கள். "சாத்தான்குளம்" என்றேன். கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "சாத்தானுக்குக் குளம் வேறயா?" என்று சொல்லிச் சிரித்தார். சாத்தான் என்றால் பைபிளில் வருகிற ஆள் இல்லை, சாத்தன் என்பது பழைய தமிழ்ப் பெயர், மணிமேகலை எழுதியவரே சாத்தனார்தான், எங்கள் பக்கத்தில் சாஸ்தா கோயில் இல்லாத ஊர் குறைவு என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு முதல் எந்தப் படிவத்திலும் நான் ஊர்ப் பெயரை எழுதவில்லை. "திருநெல்வேலி" என்றே எழுதினேன். சுமார் பத்து வருஷம்.

இப்போது ஜப்பார் அவர்களைப் பாருங்கள். அவர் அந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக் கொண்டார். வானொலியில் சொன்னார்கள், புத்தக அட்டையில் அச்சடித்தார்கள், கடல் தாண்டியும் அதே பெயர்தான். நான் ஒளித்து வைத்ததை அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்.

அவருடைய வானொலி வாழ்க்கை தொடங்கியது இலங்கையில், சின்ன வயதில், ரேடியோ சிலோனில். இதைக் கேட்டு இப்போதுள்ள தம்பிகள் ஆச்சரியப்படலாம். சாத்தான்குளத்துப் பையன் ஏன் கொழும்புக்குப் போக வேண்டும், சென்னைக்குப் போகாமல்? வரைபடத்தை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து நேர்கோட்டில் கொழும்பு சுமார் 270 கிலோமீட்டர். சென்னை சுமார் 570. பாதி தூரம்கூட இல்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் கொழும்பு. நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கொழும்பில் கடை இருந்தது, வேலை இருந்தது. நம் தாத்தாமார்களுக்குக் கொழும்பு வெளிநாடு மாதிரியே இல்லை.

வானொலிக்கு அது இன்னும் பக்கம். மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், நிலத்தைவிட உப்புத் தண்ணீரின் மேல் வெகு சுலபமாகப் போகும். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அலையின் வலு குறைவது கொஞ்சம். நடுவில் மன்னார் வளைகுடா. பிறகு கேட்க வேண்டுமா? எங்கள் ஊர் டீக்கடையில் கொழும்பு கணீரென்று கேட்கும். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். லண்டனில் பி.பி.சி. தொடங்கி மூன்றே வருஷத்தில். 1949-இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. அந்த நிலையத்தின் தமிழைக் கேட்டு வளர்ந்த தலைமுறை தென் ஜில்லாக்கள் முழுவதும் உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஜப்பார் பாடம் படித்தார்.

பிறகு அகில இந்திய வானொலி. வானொலி நாடகங்களில் நடித்தார். வானொலி நாடகம் என்றால் என்ன என்று இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. முகம் கிடையாது, உடுப்பு கிடையாது, மேடை கிடையாது. கோபம், அழுகை, கதவு திறப்பது, கிழவன் இருமுவது எல்லாமே தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும். கேட்கிறவர் கண்ணை மூடினால் ஆள் தெரிய வேண்டும். இந்தப் பயிற்சியோடுதான் அவர் கிரிக்கெட் வர்ணனைக்கு வந்தார். தமிழ்நாடு அவரை அறிந்தது அதிலேதான்.

அந்த வேலையின் கஷ்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆங்கில வர்ணனைக்குப் பல வருஷத்துப் பழக்கம் இருந்தது. வார்த்தைகள் தயாராக இருந்தன. தமிழில் அப்படி இல்லை. பௌலரை என்ன சொல்வது? பந்து வீச்சாளர். பேட்ஸ்மேன்? மட்டையாளர். கடல் தாண்டிப் போனால் அங்கே துடுப்பாட்டக்காரர். ரன் என்பது ஓட்டம். ஸ்பின் என்பது சுழற்பந்து. ஆனால் விக்கெட் விக்கெட்டாகவே இருந்தது, ஓவர் ஓவராகவே இருந்தது. எதைத் தமிழாக்க வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்று முடிவு செய்ய அங்கே குழு கூட்ட நேரம் இல்லை. பந்து கையை விட்டுக் கிளம்பி மட்டைக்கு வந்து சேர அரை வினாடிதான். அதற்குள் வார்த்தை வந்தாக வேண்டும். அதுவும் டீக்கடையில் நிற்கிறவருக்கும், பேராசிரியருக்கும், கிரிக்கெட்டே தெரியாமல் பேரனுக்காகக் கேட்டுக் கொண்டிருக்கிற பாட்டிக்கும் புரிகிற வார்த்தை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். அந்த ஆட்டத்தில் டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார். கடைசி நாள் இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவர், கிரெக் மாத்யூஸ் வீசுகிறார். ரவி சாஸ்திரி ஒரு ஓட்டம் எடுத்ததும் இரண்டு பக்கமும் சமம். எதிரில் மணிந்தர் சிங். ஐந்தாவது பந்து. எல்.பி.டபிள்யூ. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். இந்தியா 347-க்கு எல்லோரும் அவுட். ஆட்டம் சமன். டெஸ்ட் சரித்திரத்தில் அதற்கு முன்னால் 1960-இல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்திருந்தது.

இப்போது சொல்லுங்கள். அந்த ஐந்தாவது பந்தை, மைதானத்தைப் பார்க்காத ஒருவனுக்கு, நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? கூட்டம் கத்துகிறது. தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. 'டிரா' என்று சொன்னால் தப்பு. 'டிரா' வேறு, 'டை' வேறு. அந்த வித்தியாசத்தையும் அந்த நொடியிலேயே சொல்ல வேண்டும். இந்த மாதிரிச் சேப்பாக்கத்தைத்தான் அந்தக் காலத் தமிழ் வர்ணனையாளர்கள் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த வரிசையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார்.

எங்கள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையில் ஒரு பழைய ரேடியோ. ஆட்டம் நடக்கிற நாளில் வியாபாரம் சாயந்தரத்துக்கு மேல்தான். யாராவது "அண்ணாச்சி, கால் கிலோ உளுந்து" என்று வந்தால், "கொஞ்சம் பொறுமய்யா, ஓவர் முடியட்டும்" என்பார். ஜப்பார் குரல் வந்துவிட்டால் கடைக்கு வந்தவர், வராதவர் எல்லோருக்கும் அறிவிப்பு உண்டு. "ஏல, நம்மூர்க்காரரு பேசுதாரு, சத்தம் போடாதிய!"

எனக்கு நன்றாக நினைவிருப்பது 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பத்து வயது. பாகிஸ்தானோடு சேப்பாக்கத்தில் டெஸ்ட். கரண்ட் போய்விட்டது. டி.வி. பார்த்துக் கொண்டிருந்த தெருவே எங்கள் கடை வாசலில் ரேடியோவுக்கு வந்து நின்றது. இலக்கு 271. டெண்டுல்கர் 136 அடித்துவிட்டு அவுட் ஆனார். மிச்ச விக்கெட்டுகள் மளமளவென்று போய் 258-இல் எல்லாம் முடிந்தது. 12 ஓட்டத்தில் தோல்வி. கடை வாசலில் ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்தார். அப்போது ரேடியோவில் கைதட்டல் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாயிற்று. "நாமதான தோத்தோம், எதுக்குப்பா கை தட்டுதாங்க?" என்று கேட்டேன். ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறது, சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது என்று அப்பா சொன்னார். நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கும் அதைப் பார்த்த மாதிரித்தான் எனக்கு நினைவு. ரேடியோ செய்கிற வேலை அது.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். என் தொழிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

படிப்பு முடித்து மூன்றாவது வருஷம், ஓர் அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பொறியாளனாக இருந்தேன். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பு ஒன்றில் பேரிங் சூடு ஏறிக் கொண்டிருந்தது. மத்தியானம் 70 டிகிரி, நான் கிளம்பும்போது 78. ஷிப்ட் மாற்றும்போது பதிவேட்டில் நான் எழுதியது ஒரே ஒரு வரி. 'கொஞ்சம் சூடு அதிகம், கவனிக்கவும்.' எழுதிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அடுத்து வந்தவர் என்ன நினைப்பார்? பழைய பம்பு, எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அன்று ராத்திரி பேரிங் போயிற்று. கொதிக்கிற எண்ணெய் தெறித்துப் பக்கத்தில் நின்ற உதவியாளர் ஒருவருக்கு முன்கை வெந்துவிட்டது. அவர் பிழைத்தார், ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். ஆனால் அந்தக் கையில் தழும்பு இருக்கிறது. அதை எழுதியவன் நான்.

விசாரணையில் மேலதிகாரி திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொஞ்சம்னா எவ்வளவு தம்பி?" எனக்குப் பதில் இல்லை.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி அப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் பேரிங் தெரியாது, பாய்லர் தெரியாது. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏல, ஸ்கோரச் சொல்லாம 'நல்லா ஆடுதான்'னு மட்டும் சொன்னா அது வர்ணனையா? இப்பம் ரேடியோவத் திருப்புனவனுக்கு என்னல தெரியும்?"

அன்றைக்குப் புரிந்தது. நல்ல வர்ணனையாளர் ஏன் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்கோரைச் சொல்கிறார்? காலையிலிருந்து கேட்கிறவனுக்கு அது தெரியும். ஆனால் ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவன் அப்போதுதான் ரேடியோவைத் திருகுகிறான். அவனுக்கு முதலில் நிலவரம் வேண்டும். எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட், எத்தனை ஓவர். பிறகு யார் வீசுகிறார், யார் எதிர்கொள்கிறார். பிறகு என்ன நடந்தது. அழகு, உவமை, கருத்து எல்லாம் அதற்கும் பிறகு. ஷிப்டுக்கு வருகிற பொறியாளரும் அப்போதுதான் ரேடியோவைத் திருகினவர். '2 மணிக்கு 70, 4 மணிக்கு 75, 6 மணிக்கு 78, ஏறிக்கொண்டே இருக்கிறது, 85 வந்தால் நிறுத்தவும்.' இதை எழுத எனக்கு இன்னும் இருபது வினாடி ஆகியிருக்கும். அந்த இருபது வினாடியில் ஒருவர் கை தப்பியிருக்கும்.

அதற்குப் பிறகு என் கீழ் வேலைக்கு வருகிற ஒவ்வொரு பையனிடமும் நான் சொல்வது, "ஸ்கோரைச் சொல்லு" என்பதுதான். அவர்களில் பாதிப் பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

ஜப்பார் அவர்கள் கிரிக்கெட்டோடு நின்றவர் இல்லை. பின்னால் லண்டனிலிருந்து நடந்த ஐ.பி.சி. தமிழ் வானொலியில் இந்திய அரசியல் நிலவரத்தை அலசிச் சொல்கிற விமர்சகராகவும் இருந்தார். புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு அவர் குரல் அப்படித்தான் பழக்கம். மைதானத்தில் நின்று பந்தைச் சொன்னவர், நாட்டு நடப்பைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இல்லை. பந்தைச் சொல்லும்போது பத்தாயிரம் சாட்சி கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள், தப்பாகச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். அரசியலைச் சொல்லும்போது கேட்கிறவர் கடல் தாண்டி இருக்கிறார், அவருக்குச் சொல்கிறவர் வார்த்தைதான் கதி. அங்கே நேர்மை இன்னும் அதிகம் வேண்டும்.

இலங்கையில் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகப் பத்திரிகையாளர்கள் வன்னிக்குள் போக முடிந்த காலம் அது. ஜப்பாரும் போனார். விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சந்தித்தார். அந்த அனுபவம் 'அழைத்தார் பிரபாகரன்' என்ற புத்தகம் ஆயிற்று. அவருடைய பார்வையோடு உடன்படுகிறவர்களும் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள், கடுமையாக மாறுபடுகிறவர்களும் இருப்பீர்கள். அந்த வழக்கை நான் இங்கே நடத்த வரவில்லை. ஆனால் சின்ன வயதில் எந்தத் தீவின் வானொலியில் பேச ஆரம்பித்தாரோ அந்தத் தீவு இரண்டாகக் கிழிந்து கிடந்ததை, முதிர்ந்த வயதில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியவர் அவர். வீட்டில் உட்கார்ந்துகொண்டே எழுதவில்லை. அது எனக்கு முக்கியம்.

தன் வானொலி அனுபவங்களை 'காற்று வெளியினிலே' என்ற இன்னொரு புத்தகமாகவும் எழுதினார். காற்றில் பேசியவருக்குக் காகிதத்தின் அருமை தெரிந்திருக்கிறது. நேரடி வர்ணனை என்பது சொன்னவுடனே போய்விடுகிற பொருள். மத்தியானம் பேசியது சாயந்தரம் இல்லை. பத்திரிகையாளருக்காவது பழைய பேப்பர் மிஞ்சும்.

இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் கனமான விஷயம். விழா மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் போனால் இந்த உரைக்கே அர்த்தமில்லை.

2020 ஜூன் மாதம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்த விவகாரத்தில் எங்கள் ஊரில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையையும் மகனையும் 19-ஆம் தேதி போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட அவர்களில் மகன் 22-ஆம் தேதி ராத்திரியும் தந்தை மறுநாள் விடிகாலையும் இறந்தார்கள். பத்து வருஷமாக நான் ஒளித்து வைத்த ஊர்ப் பெயரை உலகத்துத் தொலைக்காட்சிகளெல்லாம் சொல்லின. அலுவலகத்தில் ஒருவர் என்னிடம், "நீங்க அந்தப் பக்கம்தானே? அது எந்த ஊர்?" என்று கேட்டார். நான் ஒரு வினாடி தயங்கினேன். பிறகு சொன்னேன், "என் ஊர்தான்."

அந்த வழக்கில் எனக்கு மறக்க முடியாதது ஒன்று உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரணையை எடுத்தது. நீதித்துறை நடுவர் ஒருவர் அந்தக் காவல் நிலையத்துக்கே போனார். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், அந்த ராத்திரி நடந்ததை அவரிடம் சொன்னார். விடிய விடிய அடித்தார்கள் என்று சொன்னார். கூட வேலை பார்க்கிறவர்கள் சுற்றி இருக்கிறார்கள். நாளைக்கும் அதே உத்தியோகம், அதே ஊர். வீட்டில் பிள்ளைகள். இருந்தும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

தம்பிகளா, நான் பேரிங் பற்றி எழுதிய அந்த ஒரு வரியை நினைத்துப் பாருங்கள். எனக்கு யாரும் மிரட்டல் விடவில்லை. பஸ் போய்விடும் என்ற ஒரே பயம்தான். அதற்கே நான் அரைகுறையாகச் சொன்னேன். அந்த அம்மா எதை எதிர்த்துக்கொண்டு முழுவதையும் சொல்லியிருக்கிறார்! அதே ஊரின் பேர்தான். இருட்டும் அங்கேதான் நடந்தது, வெளிச்சமும் அங்கேதான் இருந்தது.

அதே 2020 டிசம்பரில் ஜப்பார் காலமானார். அந்தச் செய்தியைப் பார்த்தபோதுதான் அந்தப் பெயரை நான் மறுபடியும் முழுசாகப் படித்தேன். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். ஒரே வருஷத்தில் இரண்டு விதமாக எங்கள் ஊர்ப் பெயர் பத்திரிகையில் வந்தது. ஒன்றை எங்களால் மாற்ற முடியாது, மறக்கவும் கூடாது. இன்னொன்றை நாங்கள்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாரமே என் சுயவிவரக் குறிப்பைத் திறந்து சொந்த ஊர் என்ற இடத்தில் 'திருநெல்வேலி'யை அடித்துவிட்டு 'சாத்தான்குளம்' என்று எழுதினேன். சின்ன விஷயம்தான். பத்து வருஷம் பிடித்தது.

என் பேச்சை முடிக்கும் முன் இப்போதைய மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது. உங்கள் ஊர்ப் பெயர் எதுவாக இருந்தாலும் வாய் நிறையச் சொல்லுங்கள். திசையன்விளை, உடன்குடி, பேய்க்குளம், நாசரேத், தட்டார்மடம் எதுவானாலும் சரி. சிரிக்கிறவர் சிரிக்கட்டும். அந்தப் பெயருக்கு மதிப்பு ஏற்றுவது உங்கள் வேலை, நேர்முகத் தேர்வு நடத்துகிறவர் வேலை இல்லை.

இரண்டாவது. பார்த்ததைச் சொல்லப் பழகுங்கள். சாயந்தரம் மைதானத்தில் நம் பையன்கள் விளையாடும்போது ஓரமாக நின்று ஐந்து நிமிஷம் தமிழில் வர்ணனை செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நண்பன் கேட்கட்டும். பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று அவன் சரியாகக் கை காட்டினால் நீங்கள் ஜெயித்தீர்கள். இதைச் செய்ய முடிந்தவன் பரிசோதனைக்கூட ரெக்கார்டும் நன்றாக எழுதுவான், ஷிப்ட் பதிவேடும் நன்றாக எழுதுவான், ஒரு நாள் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் அதையும் தைரியமாகச் சொல்வான். இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் தன் மொழியில் தெளிவாகச் சொல்லத் தெரியாதவன் இன்னொரு மொழியில் தெளிவாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது. வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்து வையுங்கள். உங்கள் எல்லோர் பையிலும் போன் இருக்கிறது. அந்தக் காலத்தில் நிலையத்துக்கே கிடைக்காத கருவி அது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எங்கள் அப்பாவைக் கடைத் திண்ணையில் உட்கார வைத்து, அந்தக் காலத்து ரேடியோவைப் பற்றிக் கேட்டு நாற்பது நிமிஷம் பதிவு செய்தேன். கொழும்பு ஸ்டேஷன் ராத்திரியில் எப்படிக் கேட்கும், யார் யார் வந்து உட்காருவார்கள், எந்த ஆட்டத்துக்கு யார் அழுதார்கள் எல்லாம் சொன்னார். நடுவில் ஒருவர் வந்து சர்க்கரை கேட்டதும் அதில் பதிவாகியிருக்கிறது. முடித்ததும், "இதுல என்னல இருக்கு, இதப் போயி யாரு கேப்பா?" என்றார். "நான் கேப்பேன்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பம் ஸ்கோரயும் சேத்துப் போட்டுக்க. ஆஸ்திரேலியா மேட்சு, முன்னூத்தி நாப்பத்தி ஏழு" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எண் சரியாக இருந்தது.

தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊரிலிருந்து ஒரு குரல் கடல் தாண்டிப் போயிற்று. இந்தக் கல்லூரியிலிருந்தும் போகும். நீங்கள் போகிற இடத்தில் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

 சாப்பாடு ஆறிக் கொண்டிருக்கிறது, நிலவரத்தையும் சொல்லிவிட்டேன்.